திருநாதர் குன்றில் அம்மாவின் தண்ணீர்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டை பார்க்கப் போகிறார்கள். 1967 தை மாதம் நான் போனது என் மாமாவைத் தலைகுனிய வைக்க. அம்மா இறந்து ஒரு வருடம் நிறைந்த நாள் அது. திருநாதர் குன்றில் வழிபாடு ஏற்பாடாகியிருந்தது.

காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். பதினேழு மைல்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து குன்று வடக்கே ஒன்றரை மைலுக்குள். நடந்தே போகலாம். அம்மாவின் பித்தளைக் குடத்தைச் சுமந்து வந்ததால் நான் முக்கால் ரூபாய்க்கு ஜட்கா பேசினேன்.

"இன்னா சார், எல்லாரும் கோட்டைக்குப் போறாங்க, நீங்க குன்னுக்குப் போறீங்க?" என்றார் வண்டிக்கார பாய்.

அம்மாவின் நினைவு நாள் என்றேன்.

"யாரு, பட்டாளத்து நர்சம்மாவா? என் புள்ளைங்க மூணும் அவங்க கையிலதான் வுழுந்துது. அழுவாத பொறந்துட்டா காலைப் புடிச்சித் தட்டுவாங்க பாருங்க, ஊரே முழிச்சிக்கும்."

அம்மா இளவயதிலேயே கணவனை இழந்தவள். நர்ஸ் வேலை கற்று என்னைப் படிக்கவைத்தாள். போர் வந்ததும் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்து பர்மா எல்லை வரை போனாள். எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிப்பதில்லை. கூடாரத்திலும் அவள் இரண்டையும் விடவில்லை. இரவு டியூட்டி என்றால் பட்டினிதான்.

பதக்கத்தோடு திரும்பியவளிடம் அவளுடைய தம்பி, அதாவது என் மாமா, "கண்டவன் ரத்தத்தைத் தொட்ட கை" என்று சொல்லித் தண்ணீர் வாங்க மறுத்தார். அதன்பின் இருபது வருடம் எங்கள் வீட்டுக்குச் சொந்தச் சொம்போடுதான் வந்தார். அம்மா சிரித்துக்கொள்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

குன்றடியில் மாமா குடும்பமும் மற்ற உறவினர்களும் சேர்ந்துகொள்ள, குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறினோம். அரை மணி நேரம் போதும். கடைசிப் பகுதியில் பாறை வழுக்கும். மேலே ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கோட்டைக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இதைப் பார்ப்பதில்லை. பூசை முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது.

எல்லார் முன்னாலும் மாமாவுக்கு அம்மாவின் குடத்திலிருந்து தண்ணீர் நீட்டுவது, அவர் மறுத்ததும் நறுக்கென்று கேட்டுவிடுவது என்பது என் திட்டம். சொற்களைக்கூட அடுக்கிவைத்திருந்தேன். அதற்குள் மாமாவின் மகள் பத்மா குடத்தை எடுத்துவிட்டாள். சென்னையில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருந்தவள். அம்மாவின் வெள்ளைத் துணியை டம்ளர் வாயில் விரித்து வடிகட்டி, நேராகத் தன் அப்பாவிடம் போனாள்.

"நைனா, இந்தாங்க."

மாமா தன் சொம்பைத் தொட்டார். "எனக்குத்தான் இருக்குதே."

"அத்தை செஞ்ச வேலைக்குத்தான் நானும் போறேன். இன்னிக்கு இத வாங்கலைன்னா, நாளைக்கி என் கையாலயும் வாங்கக் கூடாது. இப்பவே சொல்லிடுங்க."

மாமிதான் வாயைத் திறந்தாள்: "நானும் அவ பக்கந்தான். வீட்ல சோறு யாரு ஆக்குவாங்கன்னு யோசிச்சிக்கினு பதில் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். குடித்தார். ஈரக் கைகளை மறுபடியும் நீட்டினார்.

"அக்கா எப்பவும் சுத்தமாத்தான் வடிகட்டும்" என்றார்.

பிறகு பத்மாவின் முன்னால் வரிசையே நின்றது. அம்மாவைப் பந்தியில் ஒதுக்கி உட்காரவைத்த பங்காளிகளும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு முகமும் எனக்கு நினைவிருக்கிறது, இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் என் சொற்பொழிவு தேவைப்படவில்லை. உயிரோடிருந்தபோது ஒரு முறைகூட வழக்காடாத அம்மா, அன்று முழுதாக ஜெயித்தாள். காலிக் குடத்தை வீசிக்கொண்டு நான் இறங்கினேன். மாமாவின் சொம்பு மூடி திறக்காமலே இறங்கியது.

போக நினைப்பவர்களுக்கு: தையில் போங்கள், சித்திரையில் பாறை காலைச் சுட்டுவிடும். பத்து மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. மேலே தண்ணீர் கிடையாது, உங்களுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுபோங்கள். பக்கத்தில் யாராவது இருபது வருடத் தாகத்தோடு நிற்கக்கூடும்.