பரீட்சைக்கு முந்தின வாரம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவர் அவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'கிளட்ச் வாத்தியார்' என்றால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அவரிடம் சேர்ந்தால் லைசென்ஸ் கையில் வந்த மாதிரி என்று பேச்சு. டெஸ்டுக்கு முந்தின வாரம் ஆட்களைப் பெண்டு நிமிர்த்திவிடுவார். அதுவரை எப்படி ஓட்டினார்கள், அதற்குப் பிறகு எப்படி ஓட்டுவார்கள் என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

தன் இதயத்தையும் மனிதர் அப்படித்தான் நடத்தினார்.

மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துபோயிருந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயம் திணறும்போது ரத்தத்தில் ஒரு பொருளைக் கலக்கவிடும். திணறல் கூடினால் அதன் அளவும் கூடும். அளவு குறைந்து வருகிறவர்களில் நிறையப் பேர் பல வருஷம் இருக்கிறார்கள், ஏறிக்கொண்டே போகிறவர்களில் அப்படி இருப்பவர்கள் குறைவு. அதனால் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என்றார். இவ்வளவு சொன்னதில் வாத்தியார் காதில் ஏறியது 'டெஸ்ட்' என்ற ஒரே வார்த்தை.

சிக்கல், உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற டாக்டரம்மா கொடுத்த நீர் மாத்திரையில் இருந்தது. காலையில் அதைப் போட்டால் கொஞ்ச நேரத்துக்கொரு தரம் ஒண்ணுக்கு முட்டும். பக்கத்தில் ஒரு புது ஆள் ஸ்டியரிங்கை உயிரைப்போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நடுரோட்டில் எங்கே இறங்குவது? மாத்திரை அலமாரியிலேயே தூங்கியது. உப்பு ஆகாது என்று சொல்லியும் காருக்குள் உப்புக்கடலைப் பொட்டலம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் வீங்கிய கணுக்காலில் பள்ளம் விழுந்திருக்கும். மனைவி கேட்டால் ஷூ சரியில்லை என்பார்.

ரத்தம் கொடுக்க வேண்டிய வாரம் வந்துவிட்டால் ஆளே வேறு. வகுப்பைக் குறைத்துக்கொள்வார், மாத்திரையைத் தவறாமல் விழுங்குவார், உப்பைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். அளவும் இறங்கித்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, "பாஸ்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றுவார். அவள் வாயைத் திறக்க மாட்டாள். தலையணையை மூன்றாக அடுக்கினால்தான் அவருக்கு மூச்சு விடவே முடிகிறது என்பது பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரியாதா?

ஒரு முறை டாக்டரம்மா முகம் மலர்ந்து, அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது, நீர் மாத்திரையைப் பாதியாக்கிவிடலாம் என்றார். வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான், அந்த அறையில் அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனைவி பேசினாள்.

"டாக்டர், அந்த நம்பரை நம்பாதீங்க. இவர் டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும்தான் மாத்திரை போடுறாரு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். கோபப்படவில்லை. பழையபடியே மருந்து தொடரட்டும், ஒருநாள் இவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிவாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மனைவி சில வாரம் பொறுத்திருந்தாள். ஒரு மத்தியானம் பாடம் முடித்துக் காரைவிட்டு இறங்கியவரை அப்படியே ரத்தம் கொடுக்க இழுத்துப்போனாள். அளவு போன முறையைப்போல மூன்று மடங்கு இருந்தது. வாத்தியார் முகம் செத்துவிட்டது. மாத்திரையை ஏன் விட்டார் என்பதைத் தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா வகுப்பு முடிஞ்சப்புறம் போடச் சொல்லியிருப்பேனே," என்றார் டாக்டரம்மா. "மத்தியானம் போட்டாலும் அது வேலை செய்யும் சார்."

இவ்வளவுதானா விஷயம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் மனிதருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பஸ் நிறுத்தத்தில் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் முன்னாடி என்னைய ஃபெயிலாக்கிட்டியே."

"நீங்க பாஸாகி எனக்கு என்னங்க ஆகப்போகுது?" என்றாள் அவள். "ராத்திரி முழிச்சு முழிச்சு உங்க மூக்குல கை வச்சுப் பாக்குறேன். அந்தப் பரீட்சையை நான்தானே எழுதுறேன்?"

பஸ் வந்தது. வாத்தியார் முதலில் அவளை ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்க வாங்கப் பின்னால் ஏறினார்.