நீல நிறப் பெட்ரோல்

கூரத்தில் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் வருகிறேன். பழைய வண்டி. பெட்ரோலில் எத்தனாலைக் கூடுதலாகக் கலக்கத் தொடங்கிய பிறகு, மழைக்காலத்தில் அது அடிக்கடி வழியில் நின்றது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்கின் அடியில் தண்ணீர் தங்குகிறது என்றார் மெக்கானிக்.

என் கணவரின் தம்பி எங்களோடுதான் இருக்கிறார். விமானப் பயிற்சி நிலையம் ஒன்றில் உதவியாளர் வேலை. அங்கே சிறிய விமானம் கிளம்பும் முன், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க இறக்கையில் உள்ள டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பார்களாம். பார்த்ததைத் திரும்ப ஊற்றாமல் தனி டின்னில் சேர்ப்பார்கள். அதை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார் கொழுந்தனார். ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் ஜாதி. இது பெட்ரோல்தான், நல்ல நீல நிறம்.

"இதுல எத்தனாலே கெடையாது அண்ணி. பிளேனே ஓடுது, உங்க வண்டி ஓடாதா?"

ஓடியது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. எங்களுடையது ஒடுங்கிய வீடு. வண்டியை உள் நடையில்தான் நிறுத்துவோம். காலையில் அங்கேயே என்ஜினைச் சூடேற்றுவேன். புகை வாசனை பிடித்துப்போய் என் சின்ன மகள் வண்டிக்குப் பின்னாலேயே நிற்பாள்.

சில வாரங்களில் என்ஜின் விட்டு விட்டு அடித்தது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். முனையில் சாம்பல் நிறத்தில் பொடி மணிகள் ஒட்டியிருந்தன.

"இன்னா ஊத்திக்கினு இருக்கீங்க டீச்சர்?"

சொன்னேன்.

"அதுல ஈயம் இருக்குதும்மா. பிளேன் என்ஜின்ல அழுத்தம் ஜாஸ்தி, அதுக்கு வேணும். உங்க வண்டிக்கு அதனால பவரு ஏறாது. பிளக்குல ஒட்டிக்கும், மீதி பொகையில போவும்."

அந்தப் புகைக்குள் நின்றது யார் என்பது எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் கொழுந்தனாரிடம் கேட்டேன். "கொஞ்சமாத்தான் இருக்குது அண்ணி. நாங்க டெய்லி வெறுங்கையில பிடிக்கிறோம். எங்களுக்கு இன்னா ஆயிடுச்சு?"

"பாப்பா ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குதான்னு டெஸ்ட் எடுக்கப் போறேன்பா. நீயும் வா."

சிரித்தார். ஆனால் வந்தார். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து என் கணவர் தம்பியோடு பேசவுமில்லை, சேர்ந்து சாப்பிடவுமில்லை. நான் பள்ளிக்குப் பஸ்ஸில் போனேன். பாடம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மகளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை பார்த்தால் போதும். கொழுந்தனாருக்குத்தான் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. வெறுங்கையில் பிடித்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அப்படியே சாப்பிட உட்கார்ந்த பழக்கம். தோல் வழியாகவும் அது உள்ளே போகும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உள்ளங்கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எங்களுக்கு யாருமே சொல்லல அண்ணி."

திட்ட வேண்டும் என்று பல நாளாக வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மிச்சமிருந்த டின்னை மறுநாள் அவரே திருப்பிக் கொண்டுபோனார். ரிப்போர்ட்டை மேலாளரிடம் காட்டி எல்லோருக்கும் கையுறை கேட்டார். முதலில் முகம் சுளித்தாலும், கூட வேலை பார்ப்பவர்களும் பரிசோதனைக்குக் கிளம்பியதும் மேலாளர் கொடுத்துவிட்டார். மெக்கானிக் என் டேங்கைக் கழுவி, எத்தனாலைத் தாங்கும் ரப்பர் குழாய்களை மாட்டி, மழைக்காலத்தில் டேங்கை நிரப்பியே வைக்கச் சொன்னார்.

அடுத்த பரிசோதனையில் கொழுந்தனாருக்கு அளவு குறைந்திருந்தது. அன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.