ஜரீனா அக்கா நிறுத்திய பொடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் பேசினார். ஜரீனா அக்கா சனிக்கிழமை விடிகாலையில் இறந்துவிட்டார், அன்று மாலையே நல்லடக்கமும் முடிந்துவிட்டது என்றார். பிறகு, நம் தோலையும் ரத்தத்தையும் எடுத்து ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா எல்லோரிடமும் ஒன்று விசாரிக்கச் சொன்னதாகச் சொன்னார். அக்கா வெளியில் வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டு, அதைத் திடீரென்று நிறுத்தினாரா? சில மருந்துகளை அப்படி நிறுத்தினால் நம் செதில் வியாதி உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் பாதி தெரியும்.

வியாழக்கிழமை நாம் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் கூடும்போது வாசிக்க, அக்காவைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று நர்ஸ் கடைசியில் சொன்னார். இது என் பக்கம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ரெக்கார்டு நோட்டுக்குள் தாளை வைத்து எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால் நோட்டை மூடிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

சுவரோரம் உட்காரும் திருவாதவூர்ப் பெண் நான். பிளஸ் ஒன் படிக்கிறேன். அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வரும்போதுகூட அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவார். முனிச்சாலைப் பக்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தார். கை முட்டியிலும் தலையிலும் செதில் உதிரும்போது மட்டும், துணி கொடுக்க வருபவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவாராம்.

எனக்கு முதல் தடவை தோல் எடுத்த நாள். செதில் உள்ள இடத்தில் ஒன்று, நல்ல இடத்தில் ஒன்று என்று பென்சில் முனை அளவுக்கு இரண்டு துண்டு எடுப்பார்கள். நான் அழுதேன். அக்கா எழுந்து, "டாக்டரம்மா, நான் முதல்ல போறேன். இந்தப் புள்ள பாக்கட்டும்" என்றார். ஊசி போடும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எதற்காக இரண்டு இடத்தில் எடுக்கிறீர்கள் என்று அவர்தான் கேட்டார். நம் தோலில் காயமே இல்லை, ஆனால் உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் காயம் பட்டதுபோல ஓயாமல் தகவல் அனுப்புகின்றன, தோலும் அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். அந்தத் தப்பான தகவல் எங்கே கிளம்புகிறது என்றுதான் தேடுகிறார்களாம். அக்கா சொன்னார்: "கிழியாத துணிக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்குன்னு சொல்லுங்க." டாக்டரம்மா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

தோலில் எங்கே உரசினாலும் அங்கே புதிதாகச் செதில் வரும் என்று அன்றே தெரிந்துகொண்டார். அடுத்த மாதம் என் பள்ளிக்கூடச் சுடிதாரை வாங்கிப் போய், கைப் பக்கத்துத் தையலெல்லாம் வெளியே வருகிற மாதிரி பிரித்துத் தைத்துக் கொடுத்தார். திருப்பிப் போட்டு வந்திருக்கிறாயா என்று வகுப்பில் சிரித்தார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். "திருப்பிப் போட்டாப் புதுத்துணி கிடைக்குமாம்னு சொல்லிட்டுப் போ. கிடைக்கலன்னா நான் தச்சுத் தாரேன்" என்றார். என் முட்டி ஆறியது அந்தத் தையலால் மட்டும் இல்லை. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

ஒருநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா டிபன் டப்பாவைத் திறந்தார். அவருடைய நாத்தனார் இட்லிக்குக் கத்திரிக்காய்க் கொத்சு வைத்திருந்தார். டப்பாவை என்னிடம் நீட்டினார். எனக்குக் கத்திரிக்காய் ஆகாது என்றேன். என்னையே பார்த்தார்.

"கருவாடு?"

"அதுவும் ஆகாதுக்கா."

"காலையில வெந்நியில கலக்கிக் குடிக்கிறியா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் தலையாட்டினேன். "சரிதான். நீயும் நம்ம கட்சியா."

அப்பா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நாட்டு மருந்துக்காரரிடம் வாங்கி வரும் சாம்பல் நிறப் பொடியைத்தான் அவரும் சாப்பிட்டார். அதே ஆள், அதே பத்தியம், அதே நிபந்தனை: ஆஸ்பத்திரியில் சொன்னால் மருந்து பலிக்காது. அந்தப் பொடியைச் சாப்பிட்ட இரண்டாவது வாரமே செதில் காணாமல் போனது. எனக்கு முகம்கூட உப்பியது. சதை போட்டிருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அன்று அந்த டப்பா பெஞ்சின் கடைசிவரை போய்வந்தது. கத்திரிக்காயைப் பார்த்ததும் இன்னும் மூன்று கைகள் பின்னால் போயின. அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, "கட்சி பெருசுதான் போல" என்று என் காதில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன மாதம் டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த சோதனை முக்கியமானது, உடம்பில் வேறு மருந்து இருந்தால் ரத்தம் தப்பான பதில் சொல்லிவிடும் என்றார். யாராவது எதையாவது சாப்பிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன் என்றும் சொன்னார். நர்ஸ் வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். வேறு மருந்து உண்டா? இல்லை. இல்லை. இல்லை. அக்காவும் இல்லை என்றார். நானும்.

வெளியே வந்ததும் அக்காவின் முகம் சரியில்லை. "சொன்னா நம்மள ஆராய்ச்சியில இருந்து எடுத்துருவாங்க. சொல்லாம இருந்தா அந்தப் பொம்பள பொய் ரத்தத்த வச்சுல்ல மாரடிக்கணும்" என்றார். நான்தான் கேட்டேன், பொடியை நிறுத்திவிட்டால் ரத்தம் சுத்தமாகிவிடும் இல்லையா என்று. அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அதை இங்கே எழுதாமல் விட முடியாது.

அக்காவுக்கு அது சரியாகப் பட்டது. "நான் முதல்ல நிறுத்திப் பாக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னாத்தான் நீ நிறுத்தணும். அதுவரைக்கும் நீ விடக் கூடாது, கேட்டியா?" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

பத்து நாள் கழித்து, அம்மா குளிக்கப் போன நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியது. "இந்த வெயில்லயும் போர்வையப் போத்திக்கிட்டுக் கெடக்கேன் புள்ள. உடம்பு பூராச் செவந்து எரியுது. காய்ச்சல்தான், சரியாப் போகும்" என்றார். பொடியைத் திரும்பச் சாப்பிடச் சொன்னேன். வேண்டாம், இம்புட்டு நாள் பொறுத்தாச்சு, ரத்தம் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி என்று மட்டும் சொன்னேன். வைப்பதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ நிறுத்தலயே?"

அதற்குப் பிறகு வந்தது நர்ஸின் போன்தான்.

இப்போது எங்கள் ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். "ரத்தத்த எடுத்து எடுத்தே அந்தப் பொம்பளைய முடிச்சுட்டாய்ங்க. இனி அங்க போக வேணாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் சொல்வார்கள். நீங்களும் வராமல் நின்றுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. பெஞ்சு காலியாகும். பொடி மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இன்று காலை பொட்டலத்தைப் பிரிக்கவே கை வரவில்லை. மடித்து வைத்தேன். அக்காவின் கடைசிக் கேள்வி நினைவுக்கு வந்ததும், திரும்பப் பிரித்துக் குடித்தேன். சாப்பிடவும் பயம், விடவும் பயம். தலையணை உறைக்குள் இன்னும் மூன்று பொட்டலம் இருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு, ஒத்தக்கடையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்காமல், அதே பஸ்ஸில் நேராக மதுரைக்கு வருவேன். தையல் வெளியே தெரியும் அந்தச் சுடிதாரைத்தான் போட்டிருப்பேன். டாக்டரம்மா அதைச் சாப்பிடச் சொன்னால் அவர் முன்னாலேயே சாப்பிடுவேன். குறைக்கச் சொன்னால் அவர் சொல்கிறபடி குறைப்பேன். அப்பாவுக்குத் தெரிந்த பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அன்று கையை இழுத்துக்கொண்ட மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களாகப் பொடியை நிறுத்திவிடாதீர்கள். அக்கா அப்படித்தான் நிறுத்தினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சுடிதாரும் ஒரு பேச்சும்தான். வியாழக்கிழமை நர்ஸ் நோட்டைப் பிரித்து, வேறு மருந்து உண்டா என்று கேட்கும்போது நான் எழுந்து நிற்பேன்.

நான் முதல்ல போறேன். நீங்க பாருங்க.