குளிரே தெரியாதவள் பின்னிய சுவெட்டர்

என் மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தையல் மெசினுக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. அதற்கு முன்பு அவளை ஏணையில் கிடத்திவிட்டு, ஒரு கையால் ஏணைக் கயிற்றை இழுத்தபடியே மெசினை மிதிப்பேன். அந்தச் சத்தத்தில்தான் அவள் நித்திரை கொள்வாள். சத்தம் நின்றால் கண்ணைத் திறந்துவிடுவாள். தைக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும் அவள் நித்திரைக்காக வெறும் மெசினை மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நடக்கத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. மெசினுக்குக் கீழேதான் அவள் குடியிருப்பு. லாச்சியை இழுத்து நூற்கட்டைகளைக் கொட்டுவாள். சட்டைத் தெறிகளைப் பொறுக்கி வாயில் போடுவாள்; நான் விரலை விட்டுத் தோண்டி எடுப்பேன். வெட்டி விழுந்த துணித்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பூசைக்குப் போகும் பெரிய மனுசியைப்போல வீட்டைச் சுற்றி நடப்பாள். அதைப் பார்க்கக் கோபமும் வராது.

ஒருநாள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். மிதி திடீரென்று கனத்தது. குனிந்து பார்த்தால் கீழ்ச் சக்கரத்துக்கும் வாருக்கும் நடுவே ஒரு சின்னக் கை. காலை எடுத்துவிட்டேன். விரல் நுனியில் கொஞ்சம் சிவந்திருந்தது, வேறொன்றுமில்லை. அவள் அழவில்லை. நான்தான் அவளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையில் இருந்து அழுதேன்.

கடலிலிருந்து வந்த கணவர் கதையைக் கேட்டார். அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, ஊதிவிட்டார். பிறகு கடற்கரை வாடிக்குப் போய் ஒரு பழைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் ஆணி அடித்து, மெசின் நிற்கும் மூலைக்குக் குறுக்கே அந்த வலையை இழுத்துக் கட்டினார். மெசினும் நான் இருந்து தைக்கும் கதிரையும் வலைக்கு உள்ளே.

"வலைக்குள்ள பிள்ளையை அல்லோ விடவேணும்?" என்று கேட்டேன்.

"அவளை உள்ள விட்டா கத்தி ஊரைக் கூட்டுவாள். நீர் உள்ள இரும். நீர் கத்தமாட்டீர்தானே."

அப்படித்தான் நான் வலைக்குள் போனேன். சட்டை தைக்க அளவு கொடுக்க வந்த ஒரு அக்கா வாசலில் நின்றே சிரித்தார். "என்ன பிள்ளை, மனுசன் கடைசியில உன்னையும் வலை போட்டுப் பிடிச்சிட்டாரோ?"

மகள் வெளியே நின்று வலைக் கண்ணில் முகத்தை வைத்து அழுத்துவாள். மூக்கு மட்டும் உள்ளே வரும். அழுது பார்த்தும் பலனில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சாமான் கொண்டுவந்து தரத் தொடங்கினாள். கரண்டி வந்தது. அவளுடைய ஒற்றைச் செருப்பு வந்தது. ஒருநாள் குசினியிலிருந்து பொரித்த மீன்துண்டு வலைக் கண்ணால் உள்ளே வந்து, தைத்து முடித்த வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தது. அம்மா பசியோடு அடைபட்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். சட்டையை ஊறப்போட்டுவிட்டு அந்த மீன்துண்டை அவள் முன்னாலேயே சாப்பிட்டேன். அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

பக்கத்து வளவில் ஒருத்தி இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்புப் பக்கத்தில் கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்தத் தாழ்வுபாட்டுக் கிராமத்துக்கு வந்தவள். அவளுடைய கணவரும் என் கணவரும் ஒரே படகில் போகிறவர்கள். கார்மென்டில் இருந்த அத்தனை வருடமும் அவள் கொலர் மட்டும்தான் தைத்தாளாம். "மத்தவங்க கழுத்தப் பாத்தே என் வயசு போச்சுக்கா" என்பாள்.

நான் வலைக்குள் இருந்து தைப்பதை முதல்முறை பார்த்த அன்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாள் இரண்டு சைக்கிள் கம்பிகளோடும் ஒரு பச்சைக் கம்பளி நூல் உருண்டையோடும் வந்தாள். கம்பி முனைகளைச் சிமெந்துத் தரையில் தேய்த்து மழுக்கியிருந்தாள். நூல் அவளுடைய அம்மாவின் பழைய சுவெட்டரைப் பிரித்து எடுத்தது.

"இதுல சக்கரமும் இல்ல, வாரும் இல்ல. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டே பின்னலாம்."

"இந்த வெயிலுக்க கம்பளியைப் பின்னி இஞ்ச ஆர் போடுறது?"

"யாரு போடச் சொன்னா? முதல்ல பின்னுங்க."

பின்னினேன் என்று சொல்ல முடியாது. நூலோடு மல்லுக்கட்டினேன். மெசினில் பழகிய கை எதையும் இழுத்து இறுக்கிவிடும். உள்ளங்கை வியர்த்து நூல் ஒட்டும். கையில் பவுடர் பூசிக்கொண்டு தொடங்கினால் பிசுபிசுவென்று ஆகும். அவள் பக்கத்தில் இருந்து, "நூலக் கட்டிப் போடாதீங்கக்கா, மூச்சு விடட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு கிழமைக்குப் பிறகு என் கையும் மூச்சு விடப் பழகியது.

மகளுக்கு இதில் வேறொரு விளையாட்டுக் கிடைத்தது. நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். நான் பின்னியது வரிசை வரிசையாகக் கழன்று அவளுக்குப் பின்னால் போகும். முற்றத்து முருங்கையைச் சுற்றி, கோழிகளின் காலில் சிக்கி, கிணற்றடிவரை பச்சை நூல் கிடக்கும். ஒருநாள் உரத்துப் பேசிவிட்டேன். உதடு பிதுங்க நின்றாள். அன்று பின்னேரம் ஒரு யோசனை வந்தது. அவள் பிரிப்பதற்கென்றே ஒரு துண்டைத் தனியாகப் பின்னினேன். அது என்னவாகவும் ஆக வேண்டியதில்லை. நான் பின்னுவேன், அவள் பிரிப்பாள், மறுபடி பின்னுவேன். அந்த நேரங்களில் நாங்கள் இரண்டுபேரும் மிகவும் ஒற்றுமையாக இருந்தோம்.

அந்தச் சோழகக் காற்று வீசும் காலத்தில்தான் ஒருநாள் பக்கத்து வளவுக்காரி, காயவைத்த சாளை மீனின் மணம் காற்றில் வந்ததும் கம்பிகளைப் போட்டுவிட்டு வேலியடிக்கு ஓடினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் வாயைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டுபேருக்கும் விளங்கிவிட்டது. அவர்கள் பல வருடம் காத்திருந்த பிள்ளை.

தலைப்பிள்ளை என்பதால் தாய் வீட்டுக்குப் போய்ப் பெறுவது என்று முடிவானது. தோட்டம் நுவரெலியாவுக்கு அங்கால், நல்ல உயரத்தில். "காலையில கதவத் தொறந்தா மூஞ்சியில புகை மாதிரி வந்து அடிக்கும்" என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு சுவெட்டர் பின்னுவது என்று முடிவெடுத்தேன். அவள்தான் எனக்குப் பின்னக் கற்றுத் தந்தவள். கையில் வேறு என்ன கொடுப்பது?

மன்னார் டவுனில் கடை கடையாக ஏறி நூல் கேட்டேன். கடைசியில் ஒரு கடைக்காரர், "பள்ளிக்கூடக் கைவேலைக்கோ?" என்று கேட்டு, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துத் தந்தார். தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம் மட்டும்தான் இருந்தது.

பின்னத் தொடங்கினால் எவ்வளவு தடிப்பாகப் பின்னுவது என்று தெரியவில்லை. மன்னாரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். மார்கழியில் வாடைக்காற்று அடித்தால் ஒரு போர்வை எடுப்போம், அதுதான் எங்கள் குளிர். கணவரைக் கேட்டேன்.

"அங்கத்தைக் குளிர் எப்பிடி இருக்கும்?"

அவர் யோசித்துவிட்டு, மீன் போடும் ஐஸ் பெட்டியைக் காட்டினார். "அதுக்க கையை விட்டுப் பாரும்."

விட்டேன். முழங்கைவரை விட்டு, தாங்கும்வரை வைத்திருந்தேன். மகளும் என் இடுப்பில் இருந்து குனிந்து கையை விட்டு, வீரிட்டுக் கத்தி, சிரித்து, மறுபடியும் விட்டாள். பிறந்து சில நாளான உடம்பு முழுக்க இப்படி இருந்தால் என்று நினைத்ததும் நான் பின்னியிருந்த நாலு வரிசையையும் பிரித்துவிட்டு இரட்டை நூலில் தொடங்கினேன்.

அடுத்தது அளவு. பிறந்த பிள்ளை எவ்வளவு பெரிது? நான் ஒன்றைப் பெற்றவள்தான், ஆனாலும் கைக்கு மறந்துபோயிருந்தது. என் கண்ணுக்கு முன்னால் ஓடித்திரிவதுதான் பிள்ளையின் அளவு என்று ஆகிவிட்டது. அலுமாரியின் அடித்தட்டில் மகளுடைய முதல் சட்டையைத் தேடி எடுத்தேன். அவள் வயிற்றில் இருக்கும்போது பழைய சீலையொன்றில் நானே தைத்தது. விரித்துப் பார்த்தேன். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் கிட்டத்தட்ட மூடிவிட்டது. இதற்குள் இவள் இருந்தாளா? மகளைக் கூப்பிட்டு அவள் முதுகில் அந்தச் சட்டையை வைத்துப் பார்த்தேன். தோளில் ஒரு சின்னத் துவாயைப்போல இருந்தது. அவள் திமிறிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் அந்தச் சட்டையோடு கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்தேன். துக்கம் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கு முன்னாலேயே நடந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டதுபோல ஒரு உணர்வு.

சுவெட்டர் முடிந்தது. ஒரு கை மற்றதைவிட நீளம். கழுத்து கொஞ்சம் கோணல். ஆனாலும் அது சுவெட்டர்தான். மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் வருவதற்குள் மகள் அதை எடுத்துத் தலைக்குள் நுழைக்கப் பார்த்தாள். நெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. உடனே அதை ஒரு வெறும் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் போட்டாள். போத்தலுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

"பாபா," என்றாள்.

அதன் பிறகு போத்தல் பாபா அவள் கையைவிட்டு இறங்கவில்லை. அதற்குச் சோறு ஊட்டினாள், முதுகில் தட்டினாள், தன் பக்கத்தில் கிடத்தி நித்திரையாக்கினாள். போகும் நாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். மகள் போத்தலை மார்போடு அணைத்தபடி நின்றாள். நான் குனிந்து, "மாமிக்குக் குடுப்பமா? மாமியின்ர வயித்துக்க இருக்கிற பாபாக்கு," என்றேன்.

"என்ர!"

"குளிருமெல்லோ அந்தப் பாபாக்கு?"

"என்ர பாபா!"

பஸ் வந்து நின்றது. சனம் ஏறியது. இழுத்துப் பறித்தால் பறிக்கலாம். நான் கையை நீட்டினேன், அவள் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து வளவுத் தோழி என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கக்கா. ஒரு பிள்ளைய அழவச்சுட்டு இன்னொரு பிள்ளைக்குப் போடணுமா? எங்கம்மா கிட்ட நூல் இருக்கு."

புருசன் பையோடு முன்னால் ஏற, அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். பஸ் போய்விட்டது. வீடு வரும்வரை எனக்கு மனம் சரியில்லை. "பறிச்சுக் குடுத்திருக்கலாம்," என்றார் கணவர். பிறகு மகளைப் பார்த்துவிட்டு, "நானெண்டாலும் பறிச்சிருக்கமாட்டன்," என்றார்.

இரண்டு மாதத்துக்கு மேல் போனது. தோழியின் கணவர் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தொழிலுக்குத் திரும்பியிருந்தார். ஒருநாள் காலை அவர் வேலியால் எட்டிப் பார்த்துக் கத்தினார், "பொம்பிளைப் பிள்ளை அக்கா!" கொஞ்ச நேரத்தில் எனக்கும் வீடியோ அழைப்பு வந்தது. தோழி ஆசுப்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கிக் களைத்திருந்தாலும் சிரிப்பு மாறவில்லை. போனைத் திருப்பிக் காட்டினாள். துவாயில் சுற்றிய ஒரு சின்ன முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

மகள் என் தோளால் ஏறிப் பார்த்தாள். "பாபா," என்றாள், மெதுவாக. திரும்பித் தன் கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அவள் நிலத்தில் இருந்து, போத்தலைக் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, சுவெட்டரை இழுத்து இழுத்துக் கழற்றினாள். பிறகு எழும்பி வந்து அதைப் போனின் மேல் வைத்து அழுத்தினாள். இரண்டு கையாலும், பலமாக.

கம்பளிக்குள் இருந்து தோழியின் குரல் வந்தது. "அக்கா? ஒண்ணும் தெரியலையே. என்னாச்சு? கரண்டு போயிருச்சா?"

நான் சிரித்துக்கொண்டே கம்பளியைப் போனிலிருந்து விலக்கினேன்.

அடுத்த நாளே தோழியின் கணவர் பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டார். அதற்குள் சுவெட்டரைத் தோய்த்துக் காயவைத்தேன். இரண்டு தரம் தோய்த்தும் எண்ணெய் மணம் போகவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன். சில நாளில் படம் வந்தது. நீளமான கையைத் தோழியின் அம்மா மடித்துவிட்டிருந்தார். அந்தத் தோடம்பழ நிறத்துக்குள் பிள்ளை நல்ல நித்திரை. கூடவே குரல் செய்தி: "நல்லெண்ண வாசம் அடிக்குதுக்கா. அம்மா சொல்லுது, குளிருக்கு அதுவும் நல்லதுதானாம்."

தோழி எங்கள் ஊருக்குத் திரும்பியபோது பிள்ளை கழுத்து நின்று, கொழுகொழுவென்று கையில் மடிப்பு விழுந்திருந்தது. மன்னார் வெக்கைக்குப் பிள்ளைக்கு ஒரு பனியன் மட்டும் போட்டிருந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தோழி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, அந்தச் சுவெட்டரு பத்தாமப் போச்சு. தோட்டத்துல பக்கத்து லயத்து வீட்டுல ஒரு பிள்ள பிறந்திச்சு. குடுத்துட்டேன். கோவமா?"

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. நான் பின்னிய முதல் சாமான் அது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் போயே இராத ஒரு மலையில், முகம் தெரியாத ஒரு பிள்ளை, நான் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு அளந்த தடிப்பில் குளிர் காய்ந்துகொண்டிருக்கும்.

"கோவமில்லை," என்றேன். "நீளக் கையை மடிச்சு விடச் சொன்னனீங்களோ?"

"ஓங்கக்கா," என்றாள். இத்தனை வருடத்தில் அவளுடைய பேச்சில் எங்கள் ஊரும் அவள் ஊரும் இப்படித்தான் கலந்துபோயிருந்தன.

இப்போது பின்னேரங்களில் அவள் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடச் சட்டைகளை நான் வெட்டிப் பொருத்த, கொலர்களை அவள் தைப்பாள். என் மகள் பாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சின்னப் பிள்ளையின் கால்விரல்களைப் பிடித்துப் பார்ப்பாள்.

"இவ எப்ப நடப்பா?" என்று நேற்றுக் கேட்டாள்.

"கொஞ்ச நாளில. நடந்தா உன்ர சாமான் எல்லாத்தையும் எடுப்பா."

மகள் காலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எடுத்தா அடிப்பன்," என்றாள். பிறகு குனிந்து அந்தக் காலைக் கொஞ்சினாள்.