ஆகாதவன் சாட்சி

2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை, செல்லூர். காணாமற்போனவள் சுஃபியா, வயது ஆறு. தாய் மரியம் பீவி. கடைசியாகக் காணப்பட்டது மாலை ஐந்து மணிக்கு, தெருமுனையில், கையில் பஞ்சுமிட்டாயுடன். தெருவுக்கு அந்தப் பஞ்சுமிட்டாயே போதுமானதாக இருந்தது. ஏட்டு முனீஸ்வரி வந்து சேர்வதற்குள், அதை விற்ற பேச்சிமுத்துவின் சட்டை கிழிந்திருந்தது.

“எங்கே இருந்தாய்?” என்று முனீஸ்வரி எவரையும் கேட்பதில்லை. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடங்குவார். “அஞ்சு மணிக்கு ஒன்னைய யாரு வஞ்சா, யாரு திட்டுனா?”

பேச்சிமுத்து விழித்தான். “புள்ளைக்கு நாலரைக்கே வித்துட்டுக் கெளம்பிட்டேன். அஞ்சுக்குப் பரவை மார்க்கெட்ல வெங்காயக் கடைக்காரரு வஞ்சாரும்மா. சைக்கிள குறுக்க நிப்பாட்டிட்டேன்.”

“கூட்டாளி சாட்சி எனக்கு வேணாம். ஆகாதவன் எதுக்கு இவனுக்காகப் பொய் சொல்லப் போறான்?” என்பது முனீஸ்வரியின் கணக்கு. உடனே ஸ்கூட்டரை எடுத்தார்.

பரவையில் வெங்காயக் கடைக்காரர் தங்கப்பாண்டியின் கோபம் இன்னும் ஆறவில்லை. “அவனா? அஞ்சு மணிக்கு லாரில மூட்டை இறக்குறோம், பாதைய மறிச்சு நிக்கிறான். வெளங்காத பய. உள்ள தூக்கிப் போடுங்கம்மா.”

“இம்புட்டு போதும்ணே.” கடை வாசல் கேமராவையும் பார்த்த பிறகே சந்தேகப் பட்டியலிலிருந்து பேச்சிமுத்துவின் பெயரை நீக்கினார்.

அவனுடைய வழித்தடத்தில் தேடிக்கொண்டிருந்த காவலர்கள் தெருவுக்கே திரும்பினார்கள். மின்தடையால் அன்று ஐந்தரைக்கே பூட்டப்பட்ட விசைத்தறிக் கொட்டகைகளை, வெளியே பூட்டுத் தொங்கியதால், அதுவரை எவரும் பார்த்திருக்கவில்லை. அவற்றில் ஒன்றில், கழிவுநூல் குவியலின்மேல், ஒரு பூனைக்குட்டியை அணைத்தபடி சுஃபியா உறங்கிக்கொண்டிருந்தாள்; குட்டியின் பின்னால் அவள் உள்ளே போனதைக் கவனிக்காமல் பூட்டியிருந்தார்கள்.

முனீஸ்வரிக்கு வேலை அதோடு முடிவதில்லை. “ஸ்டேசன்ல விட்டாப் போதுமா? தெரு விடணும்ல.” தாம் விடுவித்த ஒவ்வொருவரின் வாசலுக்கும் சீருடையோடு போய், ஊர் பார்க்க எதையாவது வாங்கி உண்பது அவர் வழக்கம்.

மறுநாள் மாலை பேச்சிமுத்துவின் சைக்கிளை ஒருவரும் நெருங்கவில்லை. முனீஸ்வரி நடுத்தெருவில் நின்றார்.

“கஞ்சத்தனம் பண்ணாம பெருசாச் சுத்துடா.”

உதடெல்லாம் ரோஜா நிறம் ஒட்ட, அவசரமே இல்லாமல் தின்றார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மரியம் பீவி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“அண்ணே, புள்ளைக்கு ஒண்ணு குடுங்க.”

அந்த வழக்கில் விசாரித்து விடுவிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர். அந்த வாரம் முனீஸ்வரி கைநனைத்த வாசல்கள் ஒன்பது.