ஆறு கோழி, ஒரு டிரைவர், ஒரே பத்தியம்

இடது கை முட்டைக்கோஸின் வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரித்தது. வலது கை அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தது. நல்ல இலை மஞ்சள் வாளிக்கு, அழுகல் குப்பைக்கு. பூசணி விதை மஞ்சள் வாளிக்கு. உருளைக்கிழங்கில் பச்சை பாய்ந்த தோல் குப்பைக்கு. பூஞ்சை பிடித்த ரொட்டியும் அப்படியே. மீந்த சோற்றில் ஒரு பருக்கையை நாக்கில் வைத்து, உப்பில்லை என்று தெரிந்த பிறகே அதுவும் மஞ்சள் வாளிக்குப் போயிற்று.

மஞ்சள் வாளி கொல்லையில் இருக்கும் ஆறு கோழிகளுக்கு. தெருவில் அவளுக்குக் கோழி டாக்டர் என்று பெயர். எங்கும் போய்ப் படிக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு முதல் கோழி வேகாத பீன்ஸ் விதையைத் தின்று செத்தது. இரண்டாவது, அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தின் தோலைக் கொத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அவள் படித்த பாடமெல்லாம் அப்படி வந்ததுதான். அதற்குப் பிறகு தான் பார்க்காத, ருசிக்காத எதையும் அவற்றின் முன்னால் வைத்ததில்லை.

இப்போது அவள் பொறுப்பில் ஏழாவதாக ஒரு ஜீவன் சேர்ந்திருந்தது. அவள் புருஷன்.

அவர் பஸ் டிரைவர். வருடாந்திர மருத்துவச் சோதனையில் ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தொட்டது. ஆறு வாரத்துக்குள் அது இறங்காவிட்டால் அவருக்கு ஸ்டியரிங் கிடையாது, பணிமனையில் நிரந்தரமாக நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். தற்காலிகமாகப் பணிமனை வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதிய முதல் நாளே, வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதைப் பார்த்தபின் அவள் உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றினாள்.

வேகவைத்த சுரைக்காய், கீரை, கேரட், உப்பில்லாத சோறு. மத்தியானம் வீட்டுக்கு வந்து தட்டை வாங்கிக்கொள்வார்.

"கொல்லைப் படியில உக்காந்து சாப்பிடுறேன். உள்ள புழுக்கமா இருக்கு."

பத்தே நிமிடத்தில் தட்டு வழித்துவிட்டாற்போல் திரும்பி வரும். "பழகிட்டா இதுவும் ருசிதான்" என்பார். அவளுக்கு உள்ளூரப் பெருமை.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் அளந்தபோது நூற்று அறுபத்தெட்டு.

"மிஷின் சரியில்லையோ என்னமோ" என்றார் அவர், மிஷினைப் பாவமாகப் பார்த்தபடி.

மறுநாள் மத்தியானம் அவள் கொல்லைக்குப் போனபோது கோழிகளின் தண்ணீர்ச் சட்டி வறண்டு கிடந்தது. காலையில் நிரப்பினால் சாயங்காலம்வரை நிற்கிற சட்டி. மறுபடி ஊற்றினாள். ஆறும் முண்டியடித்துக் குடித்தன. எச்சமெல்லாம் தண்ணீராக இருந்தது. உப்பு தின்ற கோழிதான் இப்படிக் குடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உப்பு எங்கிருந்து வந்தது? வாளியில் போட்டதையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்தாள். எதிலும் குற்றமில்லை. மதிலோரம் போய்ப் பக்கத்து வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டாள்.

"நீ ஏதாவது போட்டியா?"

"உங்களைக் கேக்காம போடுவேனாக்கா? அண்ணன்தான் தினம் தட்டோட உக்காந்து அதுங்களுக்கு ஊட்டி விடுறாரே. நான் மிஷினை நிறுத்திட்டுப் பாப்பேன். எங்க வீட்டுல இருக்கறது எனக்குக்கூட ஒரு வாய் ஊட்டினதில்ல."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவரிடம் அவள் மெதுவாகக் கேட்டாள். "சுரைக்காய் எப்படி?"

"பிரமாதம்."

"உங்களுக்கா, கோழிக்கா?"

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"ஆசையாப் பாத்துதுங்க. மனசு கேக்கல."

"அப்ப நீங்க எதைத் தின்னீங்க?"

"டிப்போ வாசல்ல சிப்ஸ் விக்கிறான். வறுத்த கடலையும்."

"கோழிக்கு ஏன் உப்புத் தாகம்?"

"அதுல கொஞ்சம் குடுத்தேன். அதுங்களும் பாவம்தானே. உப்பே இல்லாம எத்தனை நாளைக்குத்தான் திங்கும்?"

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "உப்பு ஏறினா செத்துப்போயிடும்."

"எது?"

"ஏழும்."

மறுநாள் முதல் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள். சாப்பாடு மேஜையில், அவள் எதிரில். அவள் தட்டிலும் அதே சுரைக்காய். முதல் வாயிலேயே அவளுக்குக் குமட்டியது. முகத்தை மாற்றாமல் மென்றாள். இத்தனை நாளும் கோழிச் சோற்றைத்தான் ருசி பார்த்தோம், புருஷன் சோற்றை ஒரு நாளும் வாயில் வைக்கவில்லையே என்று உறைத்தது. அடுத்த நாளிலிருந்து எலுமிச்சை பிழிந்தாள், பூண்டு தட்டிப் போட்டாள், மிளகு தூவினாள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

செய்த பாவத்துக்கு மஞ்சள் வாளியும் அவர் தலையில் விழுந்தது. அவளருகில் உட்கார்ந்து தினமும் பிரித்துப் போட்டார்.

"எண்ணெயில பொரிச்சது?"

"கூடாது."

"இனிப்பு?"

"கூடாது."

"என் டாக்டர் சீட்டைப் பாத்துச் சொல்றியா?" என்றவர், ஒரு பழத்தைத் தூக்கிக் காட்டினார். "வெண்ணெய்ப்பழம் எனக்கு நல்லதுன்னாரே."

"உங்களுக்கு நல்லது. அதுங்களுக்கு விஷம்."

"வெங்காயம்?"

"நீங்க சாப்பிடலாம். அதுங்களுக்கு வேண்டாம்."

"அப்ப அதுங்களைவிட நான் ரெண்டு படி மேலதான்." இத்தனை வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறாம் வாரம் நர்ஸ் இரண்டு முறை அளந்தாள். நூற்று முப்பத்தாறு. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை அவள் தானே வாங்கிக்கொண்டு, ஒரு கையில் தாளும் மறுகையில் புருஷனின் முழங்கையுமாகப் பணிமனைக்குள் நுழைந்தாள். மேலாளர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவர்கிட்ட குடுத்து விட்டிருக்கலாமேம்மா. நீங்க எதுக்கு அலையணும்?"

"வழியில சிப்ஸ் கடை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, அவள் அவர் முழங்கையை விட்டாள்.