சிவப்புப் பூ வந்த பிறகு

என் கணவருக்குப் போர்வெல் தொழில். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருக்கிறார். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அவருக்குப் படைத்தவன் ஒருவன் உண்டு, எனக்கு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இதே வழக்குதான்.

ஆயிரம் அடிக்குக் கீழே கருங்கல் இடுக்கில் தண்ணீரை வைத்தது யார் என்பார். மழைத் தண்ணீர் விரிசல் வழியாக இறங்கியது என்பேன். மழைக்கு யார், கடலுக்கு யார் என்று மேலே ஏறிக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் ஒருவன் வேண்டுமென்றால் அந்த ஒருவனைப் படைத்தது யார் என்று கேட்பேன். உடனே அவருக்கு டீ வேண்டும். ஒருநாள் டீயைக் குடித்துவிட்டு, உலகம் இவ்வளவு ஒழுங்காக உன் கணக்குக்குள் அடங்குகிறதே, அது ஏன் என்றார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

குழந்தை விஷயத்தில்தான் இது விளையாட்டாக இல்லாமல் போனது. சேலத்தில் சிகிச்சை எடுத்தும் கரு தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்த கருக்களில் ஒன்றே ஒன்று மிச்சம். அதையும் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. இவரோ குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிட்டுத்தான் என்றார். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் பூக் கேட்பது வழக்கம்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் படித்துச் சொன்னதை இரண்டு பொட்டலம் முடிவு செய்வதா? இதற்குக் காசைச் சுண்டிப் பார்த்துவிடலாமே என்று கத்தினேன். அவர் பாட்டுக்குப் பூ வாங்கக் கிளம்பினார். கடைசியில் நானும் கூடவே போனேன். சாமியே இல்லை என்பவள், வழி நெடுக வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

சிவப்பு வந்தது.

கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். இனி இவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். வெகுநேரம் பூவைப் பார்த்தபடி நின்றவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுவாத கண்ணு. போலாம்."

"பூ வேண்டாம்னு சொல்லிருச்சுங்களே."

"குடுக்கறதும் குடுக்காததும் சாமி பாடு. போய்ப் பாக்கறது நம்ம பாடு. அதுக்குப் போய் உத்தரவு கேட்டது என்ர தப்பு." வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் போலாம்."

இத்தனை வருஷ வாதத்தில் நான் அவரை ஒரு அங்குலம்கூட நகர்த்தியதில்லை. அன்றைக்கு நகர்த்தியதும் என் வாதம் இல்லை. சாமியை முழுசாக நம்பிக்கொண்டே, எனக்காகச் சாமி சொல்லை மீறினார். என் பகுத்தறிவுக்கு அவ்வளவு தைரியம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

கரு தங்கியது. ஸ்கேன் அறையில் டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்தச் சின்ன இதயம் துடித்த வேகத்தைக் கேட்டு, இவர் என் கையைப் பிடித்து நெரித்துவிட்டார்.

"இப்பச் சொல்லு. இது யாரு பண்ணுனது?"

செல் பிரிவதிலிருந்து தொடங்கி எல்லாம் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் "தெரியலீங்க" என்றேன்.

ஜெயித்துவிட்டதாகச் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குந் தெரியல கண்ணு. சாமிதான் வேண்டாம்னு சொல்லிருச்சே."